பந்தியும் இல்லை, கொக்கும் இல்லை

செங்குன்றத்து அரிசி மண்டிகளில் இரவு பத்து மணிக்கு மேல்தான் சுறுசுறுப்பு பிறக்கும். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த லாரிகள் ஜி.என்.டி. சாலையோரம் வரிசை பிடித்து நிற்கும். தார்ப்பாயை உருவி மூட்டையைத் தோளுக்கு மாற்றும் சத்தம் ஓயாது. நான் குடியிருப்பது புழலில். வண்டியில் பத்து நிமிடம் வடக்கே போனால் இந்த மண்டிகள்தான். ஒரு நாள் வீட்டுக்கு ஒரு சிப்பம் அரிசி எடுக்கப் போய், கணக்குப்பிள்ளைக்காகக் காத்திருந்தபோது, அடுக்கின் இடுக்கிலிருந்து கறுப்பாக ஒன்று பாய்ந்தது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் காலைத் தூக்கிக்கொண்டு கத்தினார்: “பந்திகொக்கு! பந்திகொக்கு!”

என் காதில் விழுந்தது தமிழாகத்தான் விழுந்தது. கல்யாணப் பந்தியில் ஒரு கொக்கு உட்கார்ந்து சாப்பிடுவது போல ஒரு காட்சி மனதில் ஓடியது. அப்புறம்தான் புரிந்தது, அவர் பேசியது தெலுங்கு. பந்தி என்றால் பன்றி. கொக்கு என்றால் எலி. இலை போட்ட பந்திக்கும் மீன் கொத்தும் கொக்குக்கும் அதில் வேலையில்லை. பன்றியெலி. நாம் பெருச்சாளி என்கிறோமே, அதுதான்.

இந்தச் சாலையில் இரண்டு மொழியும் ஒரே டம்ளரில் டீ குடிப்பவை. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. பழைய தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களில் ஒன்றான புழல் கோட்டம் இந்தப் பகுதிதான். அதனால் ஒரு தெலுங்குச் சொல் இங்கே தரையில் ஓடுவதில் வியப்பில்லை. அந்தச் சொல் இங்கிருந்து எங்கெல்லாம் ஓடியது என்பதுதான் வியப்பு. உலகத்து விலங்கியல் புத்தகங்கள் அத்தனையிலும் இந்த எலியின் பேரினப் பெயர் ‘பேண்டிகோட்டா’. ஆங்கிலத்தில் ‘பேண்டிகூட்’. இரண்டும் மூட்டை தூக்குகிறவர் கத்திய அதே சொல்தான், வெள்ளைக்காரர் வாயில் நசுங்கிய வடிவத்தில்.

ஏன் பன்றி? ஒரு முறையாவது பெருச்சாளியை மூலையில் மடக்கிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. வீட்டெலி மாட்டிக்கொண்டால் கீச்சிடும், ஓட வழி தேடும். பெருச்சாளி திரும்பி நிற்கும். முதுகில் மற்ற மயிரைவிட நீளமாக, முரட்டுத்தனமாக வளர்ந்திருக்கும் கறுத்த முள்மயிர் சிலிர்த்து எழும். அடித்தொண்டையிலிருந்து ஓர் உறுமல் வரும். மழுங்கிய மூஞ்சி, கட்டையான உடம்பு, சிலிர்த்த முதுகு, உறுமல்: காட்டுப்பன்றியைச் சுருக்கி எலி வளையில் விட்டது போல. பெயர் வைத்தவன் நேரில் பார்த்தவன், காதாலும் கேட்டவன்.

பெருச்சாளி என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதில் இரண்டு இனம் இருக்கிறது. பெரிய பெருச்சாளி ஒரு கிலோவை நெருங்கும் ஆகிருதி. சின்னப் பெருச்சாளி அதில் பாதிக்கும் குறைவு. வயலிலும் அரிசிக் கிடங்கிலும் நம்மை ஆட்டி வைப்பது பெரும்பாலும் இந்தச் சின்னதுதான். 1960களில் ஜுவான் ஸ்பில்லெட் என்ற ஆய்வாளர் கல்கத்தாவின் தானியக் கிடங்குகளில் இருந்து ஆராய்ந்ததும் இதைத்தான். வீட்டெலியிலிருந்து இதைப் பிரித்தறிய ஆய்வுக்கூடம் வேண்டாம், வால் போதும். ஓட்டின் மேலும் கம்பியின் மேலும் ஓடும் வீட்டெலிக்கு உடம்பைவிட வால் நீளம், ஏனென்றால் வால்தான் அதற்குத் துலாக்கோல். மண்ணைத் தோண்டிப் பிழைக்கும் பெருச்சாளிக்கு உயரத்தில் வேலையில்லை, அதன் வால் உடம்பைவிடக் குட்டை. வளையைப் பார்த்தாலும் தெரியும். வாசலில் புதிதாகத் தள்ளிய மண் குவியலாகக் கிடக்கும், உள்ளேயிருந்து வாயை மண்ணால் அடைத்தும் வைத்திருக்கும்.

சரி, சொல் எப்போது புத்தகம் ஏறியது? இபின் பதூதா பதினான்காம் நூற்றாண்டில் தவுலதாபாத் கோட்டையின் பாதாளச் சிறையில் பூனையைவிடப் பெரிய எலிகள் இருந்ததாகவும், பூனைகளே அவற்றுக்குப் பயந்து ஓடியதாகவும் எழுதி வைத்திருக்கிறார். அவர் பார்த்தது பெருச்சாளியாக இருக்கலாம், ஆனால் பெயர் சொல்லவில்லை. பெயர் ஏறியது சோழமண்டலக் கரையில் வெள்ளைக்காரர்கள் கிடங்கு கட்டி உட்கார்ந்த பிறகு. துணி, அரிசி, மிளகு என்று அடுக்கி வைத்தால் எலி வராமல் இருக்குமா? கிடங்குக்காரன் கத்தியது துரை காதில் விழுந்தது. பந்திகொக்கு, பேண்டிகோட், பேண்டிகூட். 1886இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, இது தெலுங்கிலிருந்து வந்தது, பன்றியெலி என்று பொருள் என்று கூசாமல் சொல்லிவிட்டது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

ஆனால் அகராதிக்கு முன்பே விஞ்ஞானம் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. அதுதான் விசித்திரம்.

விலங்குகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் வழக்கம் சுவீடனின் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட புத்தகப் பதிப்பிலிருந்து கணக்கு வைக்கப்படுகிறது. அவர் எலி விஷயத்தில் கொஞ்சம் தாராளமாகவே இருந்தார். ‘முஸ்’ என்று ஒரு மூட்டையைத் தைத்து, சுண்டெலி, வீட்டெலி மட்டுமில்லாமல், தென் அமெரிக்காவின் கினிப் பன்றியையும் அதற்குள் போட்டார். அந்தக் கடைசி ஆளுக்கு அவர் வைத்த பெயருக்குப் பன்றிக்குட்டி எலி என்று பொருள். நம் பக்கத்தில் அதே விலங்கைச் சீமைப் பெருச்சாளி என்றார்கள்; பெருச்சாளிதான் பந்திகொக்கு, பந்திகொக்கு என்றால் பன்றியெலி. உலகத்தின் இரண்டு மூலையில், ஒருவரையொருவர் அறியாதவர்கள், உருண்டையான எலியைப் பார்த்ததும் ஒரே உவமைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

நம் பெரிய பெருச்சாளிக்கு முறைப்படி பெயர் வைத்தவர் பெக்ஸ்டைன் என்ற ஜெர்மானியர், ஆண்டு 1800. அவர் இந்தியாவுக்கு வந்தவரல்ல. வனவியலும் பறவையியலும் படித்த மனிதர். பென்னன்ட் என்ற ஆங்கிலேயர் எழுதிய நான்குகால் விலங்குகள் பற்றிய நூலை ஜெர்மனில் பெயர்த்துக்கொண்டிருந்தார். பெயர்த்த கையோடு, லத்தீன் பெயர் இல்லாத விலங்குகளுக்குப் பெயரும் சூட்டிக்கொண்டே போனார். அப்படித்தான் ‘முஸ் இண்டிகஸ்’ பிறந்தது. இந்த இனத்துக்கு மூல இடம் என்று இன்றைய பட்டியல்கள் குறிப்பது புதுச்சேரியை. அடுத்த பக்கத்திலேயே ‘முஸ் பேண்டிகோட்டா’ என்று இன்னொரு பெயரும் வைத்துவிட்டார். ஒரே விலங்குக்கு இரண்டு பெயர். நான்கு ஆண்டு கழித்து வங்கப் படையிலிருந்த ஹார்ட்விக் என்ற அதிகாரி இதையே புதிதாகக் கண்டது போல ‘முஸ் கிகாண்டியஸ்’ என்றார், ராட்சச எலி என்று அர்த்தம். ரேஷன் அட்டையில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் ஏறியது போல ஆகிவிட்டது. கடைசியில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜான் எட்வர்ட் கிரே 1873இல், இந்தப் பருத்த எலிகள் ‘முஸ்’ மூட்டைக்குள் அடங்காதவை என்று தனிப் பேரினம் ஆக்கினார். அதற்கு அவர் எடுத்த பெயர் கிரேக்கமும் இல்லை, லத்தீனும் இல்லை. பேண்டிகோட்டா. இன்று பெரிய பெருச்சாளியின் முழுப்பெயர் பேண்டிகோட்டா இண்டிகா. இந்தியப் பந்திகொக்கு.

சின்னப் பெருச்சாளியின் கதை இதைவிடக் குழப்பம். 1830களில் ஹார்ட்விக்கின் சேகரிப்பை வைத்து வெளியான படத்தொகுப்பில் கிரே அதற்கு ‘அர்விகோலா பெங்காலென்சிஸ்’ என்று பெயரிட்டார். அர்விகோலா என்பது ஐரோப்பாவின் நீரோரத்தில் வாழும் வேறு குடும்பத்து எலி. ஓவியத்தைப் பார்த்து வகைப்படுத்தினால் இப்படித்தான் ஆகும். பிறகு சரியான வீட்டுக்கு மாற்றினார்கள், பெங்காலென்சிஸ் என்ற இனப் பெயர் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டது.

இங்கேதான் எனக்குப் பிடித்த ஆள் வருகிறார். வால்டர் எலியட். பெயரிலேயே எலி இருக்கிறது என்று என் நண்பர் ஒருவர் கிண்டல் செய்வார். 1820களில் மதராஸ் சிவில் சர்வீஸில் சேர்ந்து, தார்வார் பக்கம் பத்தாண்டு வேலை பார்த்தார். அமராவதிச் சிற்பங்களைத் தோண்டி எடுத்தவர் என்று வரலாற்றுக்காரர்களுக்கு அவரைத் தெரியும். விலங்குகள் அவருக்கு இன்னொரு பைத்தியம். தார்வார்ப் பகுதியின் பாலூட்டிகளைப் பட்டியல் போட்டு 1839இல் ‘மதராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார். அதை நடத்தியது மதராஸ் இலக்கியச் சங்கம். அந்தச் சங்கம் இன்றும் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் செங்கல் கட்டடத்தில் உயிரோடு இருக்கிறது, புத்தக வாசனையோடு.

எலியட் எலிகளைத் தானே வளை தோண்டிப் பிடிக்கவில்லை. துரை எங்கே மண்வெட்டி பிடிக்கப்போகிறார்? பிடித்துக்கொடுத்தவர்கள் ஒட்டர்கள், இன்று போயர் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள். ஏரி வெட்டுவது, கிணறு தோண்டுவது, கல் உடைப்பது அவர்கள் தொழில். தென்னாட்டின் மண் அத்தனையையும் கையால் புரட்டிப் பார்த்த சமூகம். எலியட் எழுதிய குறிப்பு ஒன்று சுவையானது. இந்தச் சின்னப் பெருச்சாளி ஏரிக்கரைக்குப் பெரும் கேடு. ஏரி வெட்டும் ஒட்டர்களோ அதைப் பிடித்துச் சாப்பிடுகிறார்கள். அறுவடைக் காலத்தில் வளையைத் தோண்டி, அது சேமித்து வைத்த தானியத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல இடமாக அமைந்தால் அந்தப் பருவம் முழுவதும் ஏறக்குறைய அதிலேயே காலத்தை ஓட்டுகிறார்கள். ஒரே வளையில் அரை சேர் தானியம் கிடைத்ததையும், முழுச் சோளக் கதிரே இருந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். எலி திருடியதை மனிதர் திரும்ப வாங்கும் இந்தக் கணக்குக்கு வட்டி ஏதுமில்லை.

இந்த ஒட்டர்களிடம் எலியட் கேட்டது ஒரே கேள்வியாகத்தான் இருந்திருக்கும்: இதுக்கு உங்க பேச்சுல என்ன பேரு? அவர்கள் சொன்னார்கள். அவர் எழுதிக்கொண்டார். அனுப்பிய தோல்களோடு பெயர்களும் லண்டனுக்குப் போயின. 1837இல் அதே கிரே அவற்றை வெளியிட்டார். சின்னப் பெருச்சாளிக்கு அவர் இந்த முறை வைத்த பெயர் ‘கோக்’. பந்திகொக்கின் பின்பாதி! முன்பாதியான பந்தி பேரினத்தின் பெயருக்குள் போகப் பின்னும் முப்பத்தாறு ஆண்டு காத்திருந்தது. தென்னிந்தியச் சின்னப் பெருச்சாளியைக் கோக் என்ற கிளையினமாகப் பின்னாளிலும் எழுதி வந்தார்கள்.

கோக் மட்டுமா? முள் போன்ற மயிருள்ள ஒரு சுண்டெலியை ஒட்டர்கள் லெக்கடெ என்றார்கள். கிரே ‘லெக்கடா’ என்று ஒரு பேரினமே உண்டாக்கினார். கன்னடத்துக் குலாண்டி ‘கோலுண்டா’ ஆயிற்று. வயலில் இருக்கும் இன்னொரு குட்டி எலி ‘பூடுகா’ என்று ஏறியது, இன்றும் அதன் பெயர் முஸ் பூடுகா. மென்மயிர் கொண்ட வயல் எலியை மெட்டாடெ என்றார்கள், தெலுங்கில் மெட்ட என்றால் மேட்டு நிலம். அச்சில் வந்தது ‘மெல்டாடா’. எலியட்டின் சொந்தப் பட்டியலில் சரியாகத்தான் இருக்கிறது. கையெழுத்தில் இரண்டு டகரம் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒன்றின் குறுக்குக்கோடு விட்டுப்போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். விலங்கியலில் முதலில் அச்சானதுக்கே முன்னுரிமை. ஆகவே அந்த எலி இன்றுவரை மில்லார்டியா மெல்டாடாதான். ஆதார் அட்டையில் பெயர் தப்பாக ஏறிவிட்டால் நாமாவது போய்த் திருத்தலாம்.

இவ்வளவும் தெலுங்கு, கன்னடம். தமிழுக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. கொல்லிமலை, சேர்வராயன் மலைப் பக்கங்களில் அணில் போலவே ஒரு பிராணி உண்டு. கூர்த்த மூக்கு, அடர்ந்த வால், தோளில் வெளிறிய ஒரு கோடு. ஆனால் அது அணில் இல்லை, கொறிக்கும் பல்லும் இல்லை. புழு பூச்சி, பழம் தின்னும். வாட்டர்ஹவுஸ் என்பவர் எலியட்டை நினைத்து அதற்கு ‘எல்லியோட்டி’ என்று இனப்பெயர் வைத்தார். 1913இல் அமெரிக்காவின் லயன் அதை அதன் நெருங்கிய உறவுகளிலிருந்து தனியாகப் பிரித்துப் புதுப் பேரினம் ஆக்கினார், பெயர் ‘அனாதனா’. மூங்கில் அணத்தான் என்ற நம் ஊர்ச் சொல்லிலிருந்து எடுத்தது. அனாதனா எல்லியோட்டி: முன்பாதி பெயர் தெரியாத ஒரு தமிழர் சொன்னது, பின்பாதி துரையுடையது. இந்தப் பிராணி எந்தக் கூட்டம் என்பதிலும் விஞ்ஞானிகள் நிலைகொள்ளவில்லை. முதலில் பூச்சியுண்ணிகளோடு வைத்தார்கள், பிறகு சிலர் குரங்கினத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள், இப்போது தனி வரிசை கொடுத்துவிட்டார்கள்.

தொல்காப்பியத்தில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரித்திருப்பதைக் காட்டி, லின்னேயஸுக்கு முன்னமே நாங்கள் என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அது புலன்களை வைத்துச் செய்த பகுப்பு, அதன் நோக்கம் வேறு. என்னை நிறுத்தி வைப்பது அதே மரபியலில் வரும் இன்னொரு சின்ன இடம். எந்த விலங்கின் இளசை எப்படிச் சொல்வது என்று விதி சொல்லும்போது, மூங்கா, காட்டுப்பூனை, எலி, அணில் என நான்கு சின்னப் பிராணிகளைச் சேர்த்து, இவற்றின் இளமைக்குக் குட்டி என்று பெயர் என்கிறார் தொல்காப்பியர். அந்த அணிலை வெறும் அணில் என்று சொல்லவில்லை, மூன்று வரி உள்ள அணில் என்று சொல்கிறார். வடக்கே போனால் ஐந்து வரி அணில் இருக்கிறது, அது வேறு இனம். நம் தென்னை மரத்தில் ஓடுவது மூன்று வரி. எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மேடைப் பெருமைக்கு இந்த ஒரு எண்ணிக்கை எனக்குப் போதும்.

பந்திகொக்குக்குத் திரும்புவோம். சொல் கப்பல் ஏறியது. 1799இல் ஆஸ்திரேலியக் கரையை ஆராய்ந்துகொண்டிருந்த ஜார்ஜ் பாஸ், மூக்கு நீண்ட, மண்ணைக் கிளறும் ஒரு சிறு விலங்கைப் பார்த்துப் பேண்டிகூட் என்று எழுதினார். அது எலியே அல்ல. கங்காருவைப் போல வயிற்றுப்பை உள்ள பிராணி. தோண்டும்போது குட்டி மேல் மண் விழாமல் இருக்க அதன் பை பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்கும். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது ஒட்டிக்கொண்டதுதான். இன்று உலகத்தில் பேண்டிகூட் என்றால் பலருக்கு அந்த ஆஸ்திரேலியப் பிராணிதான் நினைவு வரும், ஒரிஜினல் செங்குன்றத்தில் மூட்டையைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. ஆஸ்திரேலியாவில் இந்தக் கூட்டத்தில் ஒன்றுக்குப் பாதம் பன்றிக் குளம்பு போல இருந்தது. அதற்குப் பன்றிக்கால் பேண்டிகூட் என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கு தெரிந்தவர் படித்தால் பன்றிக்கால் பன்றியெலி. இன்னொன்றுக்குக் காது முயல் போல, அதை முயல் பேண்டிகூட் என்றார்கள். முயல் பன்றியெலி. யாரும் ஒரு நெல்லூர்க்காரரைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. பாவம், அந்தப் பன்றிக்கால்காரன் இருபதாம் நூற்றாண்டில் முற்றாக அழிந்துபோனான்.

1996இல் வந்த ‘க்ராஷ் பேண்டிகூட்’ வீடியோ கேம் அந்த ஆஸ்திரேலியப் பிராணியை வைத்துச் செய்தது. 2018இல் திருவனந்தபுரத்து இளைஞர்கள், மனிதர் சாக்கடைக்குள் இறங்காமல் அடைப்பெடுக்க ஓர் இயந்திரம் செய்து அதற்கு ‘பேண்டிகூட்’ என்று பெயர் வைத்தபோதுதான் சொல் சொந்த வேலைக்குத் திரும்பியது. கும்பகோணம் முதலான தமிழ்நாட்டு ஊர்களிலும் அது இறங்கியிருக்கிறது. சாக்கடை, வளை, கறுப்பு உடம்பு. பெயர் வைத்தவர்களுக்கு விலங்கு தெரிந்திருக்கிறது.

நமக்குத்தான் சில சமயம் தெரிவதில்லை. பிள்ளையாரின் வாகனம் எது என்று நாலு பேரைக் கேட்டால் எலி என்பார் ஒருவர், மூஞ்சூறு என்பார் இன்னொருவர். கோயில் வாகன மண்டபத்தில் போய்ப் பார்த்தால் நிற்பது தெளிவாகப் பெருச்சாளி. பழைய சொல்லும் அப்படித்தான். ஆகு என்றால் பெருச்சாளி, ஆகுவாகனன் என்றால் பிள்ளையார். மூஞ்சூறு இதில் எப்படிச் சேர்ந்தது என்பது தனி ஆராய்ச்சி. ஆனால் ஒன்று நிச்சயம். மூஞ்சூறு எலியே இல்லை.

வீட்டில் அதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. இரவில் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு, சில்லறைக் காசு குலுங்குவது போலச் சத்தமிட்டுக்கொண்டு போகும். மூக்கு நீண்டு நுனி துடித்துக்கொண்டே இருக்கும், கண் கடுகளவு. விலாவில் உள்ள சுரப்பியிலிருந்து ஒரு வாடை வரும். பூனை பிடிக்கும், தின்னாமல் போட்டுவிட்டுப் போகும். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளரும் உளி. மூஞ்சூறுக்கு அந்த உளி கிடையாது, வாய் நிறையக் கூர்மையான ஊசிப்பற்கள். கரப்பான், பூரான், புழு தின்று வாழ்கிறது. முள்ளெலிக்கும் அகழெலிக்கும் அது உறவு, எலிக்கு இல்லை. தாய் இடம் மாறும்போது முதல் குட்டி அதன் வாலடியைக் கவ்வும், அடுத்தது முதலாவதின் வாலடியை, அதற்கடுத்தது இரண்டாவதை. வரிசையாக ஒரு சரக்கு ரயில். நான் ஒரே ஒரு முறை பார்த்தேன், சமையலறைக் கழுவுத்தொட்டிக்குக் கீழே, ஐந்து பெட்டி. விளக்கைப் போட்டதும் ரயில் அறுந்தது. இஞ்சின் திரும்பி வந்து பெட்டிகளைச் சேர்த்துக்கொண்டு போயிற்று.

எலியா, மூஞ்சூறா என்று பிரிப்பது பண்டிதர் வேலை என்று தோன்றலாம். வேலூரில் 1964இல் மூளைக்காய்ச்சல் வைரஸைத் தேடிக்கொண்டிருந்த ஆராய்ச்சியாளர்கள், தோட்டப்பாளையம் என்ற இடத்துக்கருகே பிடித்த ஒரு மூஞ்சூறிலிருந்து இனம் தெரியாத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். ஊர்ப்பெயரையே வைத்துத் தோட்டப்பாளையம் வைரஸ் என்றார்கள். பத்தாண்டுக்கு மேல் கழித்துத்தான் கொரியாவில் வயலெலியிலிருந்து ஹாண்டான் வைரஸ் கிடைத்து, ஹாண்டா வைரஸ் என்ற குடும்பமே உலகுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால், அந்தக் குடும்பத்திலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்த வைரஸ் நம் தோட்டப்பாளையம்தான். ஆனால் நெடுங்காலம் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஹாண்டா வைரஸ் எலிக்குரியது, இந்த மூஞ்சூறுக்கு எங்கோ ஓர் எலியிடமிருந்து தொற்றியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். 2007இல் அதன் மரபணுவை முழுதாகப் படித்தபோதுதான் தெரிந்தது: எலிகளின் ஹாண்டா வைரஸ்களிலிருந்து அது வெகுதூரம் விலகி நிற்கிறது, அது மூஞ்சூறுக்கே சொந்தமானது. அதன் பிறகு உலகம் முழுக்க மூஞ்சூறுகளிலும் அகழெலிகளிலும் தேடத் தொடங்கி, புதிது புதிதாகக் கண்டுபிடித்தார்கள். இப்போது அந்த வகை வைரஸ்களின் பேரினத்துக்குத் ‘தோட்டிம்வைரஸ்’ என்று பெயர். தோட்டப்பாளையத்தின் தோட்டு, கொரியாவின் இம்ஜின் ஆற்றின் இம். வேலூரின் ஒரு பேட்டை வைரஸ் குடும்பத்தின் பெயர்ப் பலகையில் ஏறிவிட்டது.

துறைமுகத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1896இல் பம்பாயைப் பிடித்த பிளேக், மதராஸ் நகரத்தில் அந்த அளவுக்கு வேரூன்றவே இல்லை. கப்பல் வந்தது, தானியம் வந்தது, எலியும் இருந்தது. ஆராய்ந்து பார்த்தால் மதராஸ் எலிகள் பம்பாய் எலிகளைவிடச் சுலபமாகப் பிளேக்குக்குப் பலியாகக்கூடியவை. பின் ஏன் பரவவில்லை? விடை எலியில் இல்லை, அதன் மேல் இருந்த தெள்ளுப்பூச்சியில் இருந்தது. ஒரே இனம் என்று நினைத்திருந்த பூச்சியைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தபோது, இந்திய எலிகளின் மேல் அதே சாயலில் மூன்று இனம் இருப்பதாக 1914இல் ராத்ஸ்சைல்டு எழுதினார். பம்பாயில் பிளேக்கைத் திறமையாகப் பரப்பிய கியோபிஸ் அதிகம். மதராஸில் அந்த வேலையில் மந்தமான ஆஸ்டியாதான் மிகுதி. கொழும்பில் ஹர்ஸ்ட் என்ற மருத்துவ அதிகாரி இந்த வேற்றுமையை முதலில் பிடித்தார். ராயபுரம் தப்பித்ததற்கு யார் யாருக்கோ நேர்ந்துகொண்டிருப்பார்கள். இரண்டு தெள்ளுப்பூச்சிக்கு நடுவே இருந்த நுண்ணிய வித்தியாசத்துக்கும் ஒரு தேங்காய் உடைத்திருக்கலாம்.

மீண்டும் பெருச்சாளிக்கும் எங்கள் புழலுக்கும் வருவோம். புழல் ஏரிக்கு 3,300 மில்லியன் கன அடி கொள்ளளவு. மழைக்காலத்தில் அது நிரம்பும்போது நகரமே செய்தியில் அதன் மட்டத்தைப் பார்க்கும். எந்த ஏரியானாலும் கரையோரத்துக்காரர்கள் பார்ப்பது வேறு. கரையில் எலி வளை விழுந்திருக்கிறதா? ஒரு பெருச்சாளி வளை உள்ளிருந்து வெளி வரை போய்விட்டால், தண்ணீர் அந்த வழியைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போதும். முதலில் கசிவு, பிறகு மண் கரைந்து கலங்கல், அப்புறம் மணல் மூட்டை, கூச்சல். எலியட் காலத்து ஒட்டர்கள் வெட்டிய ஏரியை எலி வெட்டாமல் காத்ததும், அந்த எலியைத் தின்றதும் ஒரே கைதான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

திருவள்ளூர் மாவட்டத்து வயல்களில் இன்று அந்த வேலையைச் செய்கிறவர்கள் இருளர்கள். வளை வாயில் ஓட்டை போட்ட மண்பானையை வைத்து, உள்ளே வைக்கோலைப் பற்ற வைத்து, பானையின் அடியில் வாய் வைத்து ஊதிப் புகையை உள்ளே செலுத்துவார்கள். உதடு வேகும், கை சுடும், புகை நெஞ்சில் ஏறும். 2000களின் தொடக்கத்தில் ஒரு தொண்டு நிறுவனம் கைப்பிடியைச் சுற்றினால் காற்று ஊதும் இரும்புப் பானை செய்து கொடுத்தது. 2003இல் அதற்கு உலக வங்கியின் பரிசும் கிடைத்தது. பானை மாறினாலும் அதை எந்த வளையில் வைப்பது என்ற முடிவு மாறவில்லை. ஒரு முறை நான் கூட நின்றபோது, வரப்பில் பத்துப் பதினைந்து வளைகளைத் தாண்டி நடந்த பெரியவர் ஒன்றின் முன் உட்கார்ந்தார். எனக்கு எல்லாமே ஒரே ஓட்டைதான். “மத்ததுல?” என்று கேட்டேன்.

“அதுல நண்டு. இதுல சுண்டெலி. அதோ, அது காலி, சிலந்தி வலை கட்டியிருக்கு பாரு. இங்க மட்டும்தான்யா மண்ணு ஈரமா, புதுசா தள்ளியிருக்கு. உள்ள ஆளு இருக்கான்.”

பந்திகொக்கு பாய்ந்த அந்த இரவில், செங்குன்றத்து மண்டியில், என் சிப்பத்துக்குச் சீட்டு போட்டு முடிந்த சமயம், சுவரோரம் இன்னொன்று ஓடியது. நான் புதிதாகக் கற்றதைக் காட்ட ஆசைப்பட்டு, “பந்திகொக்கு!” என்றேன். மூட்டைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“இல்ல சார், அது மூஞ்சூறு. நடுவுல ஓடாது, செவுத்த ஒட்டியே ஓடும். வாசன வருதா?”

வந்தது.